தானியம் வாங்கி மில்லில் அரைப்போருக்கு 7 குறிப்புகள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் விடியும்போதே கிளம்பிவிடுகிறார்கள். டீயும் பன்னும் பத்து மணி வரைகூடத் தாங்குவதில்லை. நாட்டிலேயே அதிகம் ராகி விளைவது கர்நாடகத்தில்தான். இங்கே இருந்துகொண்டு பசியோடு மெஷின் முன் நிற்பானேன்?

1. மாவாக வாங்காதீர்கள், தானியமாக வாங்குங்கள். யஷ்வந்த்பூர் மண்டி மெட்ரோவில் பக்கம்தான். நன்றாகக் காய்ந்த ராகி, மூடிய டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. அரைத்துவிட்டாலோ தானியத்தின் முளைப்பகுதியில் இருக்கும் எண்ணெய் காற்றுபட்டு, மாவில் சிக்கு வாடை ஏறத் தொடங்கும். 2023-இல் ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு வந்துபோனதிலிருந்து கடைகளில் பாக்கெட் மாவு குவிந்து கிடக்கிறது. வாங்கினால் அரைத்த தேதியைப் பாருங்கள்.

2. பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கம்பு என்றால் இன்னும் குறைவாக. அதில் கொழுப்பு கூடுதல். மாவு சீக்கிரம் கசந்துவிடும்.

3. ராகியில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். முறத்தில் புடைத்துவிட்டு, இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி நீரோடு ஊற்றி அரித்தால் கல் அடியில் தங்கும். பிறகு வேட்டித் துணியில் பரப்பிக் காயவையுங்கள். லாரிப் புழுதி பறக்கும் இந்தப் பகுதியில் மொட்டைமாடியில் காயவைத்தால் மேலே ஒரு மெல்லிய துணி அவசியம். பெங்களூரு மாலை மழையை நம்ப முடியாது; சந்தேகமான நாளில் ஃபேனுக்கு அடியில் போடுங்கள். நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அதை அரைத்தால் மாவு கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும்.

4. மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் என்றால், முதலில் விழும் ஒரு பிடி மாவைத் தனியே எடுத்துவிடுங்கள். முன்னால் அரைத்தது கோதுமை என்றால், கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இது போதாது. அவர்கள் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது நல்லது.

5. சூடான மாவை உடனே மூடாதீர்கள். தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறியதும் டப்பாவில் போடுங்கள். சலித்துத் தவிட்டைக் கொட்டவும் வேண்டாம். நார்ச்சத்து இருப்பது அதில்தான்.

6. குழந்தைகள் கஞ்சிக்கு முளைகட்டிய ராகி. இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டிவைத்தால் ஓரிரு நாளில் முளைவிடும். நன்றாக உலர்த்தி, லேசாக வறுத்து அரையுங்கள். முளைகட்டினால் ராகியிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

7. மதியம் வரை தாங்க வேண்டுமானால் நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி போதாது. அது சீக்கிரம் செரித்துவிடும். கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி, களி கிண்டுங்கள். கன்னட வீடுகளில் முத்தே எனும் களி உருண்டையோடு கீரையும் பருப்பும் சேர்ந்த சொப்பு சாறு வைப்பார்கள், சரியான ஜோடி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ராகியிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர்கள் ‘ராகிதானே’ என்று மூன்று உருண்டை உள்ளே தள்ள வேண்டாம். சின்னதாக ஒன்று போதும், சாறை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள்.