கம்ப்யூட்டர் கணக்கு: சாப்ட்வேர் வாங்கும் முன் நாம் கேட்க வேண்டியவை



நம் குழுக்களின் கணக்கு நோட்டுப் புத்தகத்தில்தான் தொடங்கியது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு - கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் என்று ஒவ்வொன்றையும் நாமே எழுதப் பழகினோம். 12 பேர், 15 பேர் உள்ள ஒரு குழுவுக்கு அது போதும். கூட்டமைப்பு என்று வரும்போது நிலைமை வேறு. 60 குழுக்கள் என்றால் 700, 800 உறுப்பினர்கள். "எந்தக் குழுவில் எவ்வளவு கடன் நிலுவை?" என்று வங்கி மேலாளர் கேட்டால், கையால் பட்டியல் போட ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் கணக்கு தேவைப்படுகிறது.

தேவை இருக்கிற இடத்துக்கு விற்பவர்களும் வருவார்கள். லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ணமாக அறிக்கை காட்டுவார்கள். "எல்லாமே இதுல இருக்கும்மா, ஒரு பட்டனை அழுத்தினா போதும்" என்பார்கள். எதை வாங்குவது, எப்படி முடிவு செய்வது? இதுதான் இந்த இதழின் பாடம். எந்த சாப்ட்வேர் நல்லது என்று பெயர் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு கவனம்?

நாஞ்சில் நாட்டு வீடுகளில் பத்தாயம் இருந்ததை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பத்தாயத்தைச் செய்தது தச்சர். உள்ளே இருக்கிற நெல் வீட்டுக்காரருடையது. பத்தாயம் உளுத்துப் போனால் நெல்லை அள்ளி வேறு இடத்தில் கொட்டிக்கொள்ளலாம். சாப்ட்வேரும் அப்படித்தான். அதைச் செய்தது ஒரு கம்பெனி. உள்ளே இருக்கிற கணக்கு நம்முடையது. ஆனால் பூட்டும் சாவியும் கம்பெனியிடமே இருந்து, அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டால்? பத்து வருடச் சேமிப்புக்கும் கடனுக்கும் ஆதாரம் கையில் இருக்காது. வங்கி அடுத்த கடனை நிறுத்தும். "நான் கட்டினேன்", "இல்லை, கட்டலை" என்று உறுப்பினர்களுக்குள்ளேயே சண்டை வரும்.

நடந்த மூன்று கதைகள்

முதல் கதை. 2000-களின் நடுவில் தமிழ்நாட்டுச் சுயஉதவிக் குழுக்களின் கணக்கை மொபைல் போனில் பதிய ஒரு முயற்சி நடந்தது. தபன் பாரிக் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்காக 'கேம்' என்ற முறையை உருவாக்கினார்கள். குழு வழக்கம்போலக் காகிதப் படிவத்தில் கணக்கு எழுதும். படிவத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டை நோக்கியா கேமரா போனில் காட்டினால், என்ன எண்ணைப் பதிய வேண்டும் என்று போன் குரலிலேயே கேட்கும். நல்ல யோசனை. ஆனால் நோக்கியா கம்பெனிக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அதன் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்த வகைப் போன்களும் சந்தையை விட்டுப் போய்விட்டன. உலகத்திலேயே அதிகம் போன் விற்ற கம்பெனிக்கே இந்த நிலை. கருவி மறைந்தாலும் காகிதத்தில் எழுதியதை யாரும் இன்றைக்கும் படிக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் கதை. அமெரிக்காவின் இன்ட்யூட் கம்பெனி, குயிக்புக்ஸ் என்ற கணக்கு சாப்ட்வேரை இந்தியாவில் இணையம் வழியாக விற்றது. 2023-இல் அந்தச் சேவையை இந்தியாவில் நிறுத்திக்கொண்டது. கம்பெனி நொடித்துப் போகவில்லை, மற்ற நாடுகளில் வியாபாரம் நடக்கிறது. இங்கே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே அறிவித்ததால், அந்த அறிவிப்பைப் பார்த்துக் கணக்கை இறக்கி வைத்தவர்கள் தப்பினார்கள்.

மூன்றாம் கதை பெங்களூருவில் பிறந்த டேலி. 1986-இல் தொடங்கிய கம்பெனி. 2009-இல் 'டேலி ஈஆர்பி 9' என்று வந்தது, 2020-இல் 'டேலி பிரைம்' ஆனது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பழைய பதிப்பையே வைத்திருந்த கடைக்காரர்கள் புதிய பதிப்புக்கு மாற வேண்டியதாயிற்று. ஆக, நிலைத்து நிற்கிற கம்பெனியின் சாப்ட்வேர்கூட மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு தடவை வாங்கினால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

1. முதலில் நம் தேவையை எழுதுங்கள். விற்பவரைக் கூப்பிடும் முன் செயற்குழு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். எத்தனை குழுக்கள்? என்னென்ன கடன்கள்? வங்கிக்கு என்ன அறிக்கை வேண்டும்? தணிக்கையாளருக்கு என்ன வேண்டும்? தேன், கருப்பட்டி, சிப்ஸ், தும்புக் கயிறு என்று விற்பனை இருந்தால் சரக்கு இருப்பும் ஜி.எஸ்.டி.யும் வேண்டுமா? பெரிய கம்பெனிகளுக்காகச் செய்த சாப்ட்வேரில் நூறு வசதி இருக்கும். நமக்குப் பத்துதான் தேவை என்றால் மீதித் தொண்ணூறுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

2. நம் கணக்கை வைத்தே செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். நம் குழுவின் ஒரு மாத ஏட்டைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய் கடன், மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டி, அசல் 1,000 கட்ட வேண்டும். முதல் மாத வட்டி 100, இரண்டாம் மாதம் 90. மூன்றாம் மாதம் அந்த அக்கா வட்டி 80 மட்டும் கட்டுகிறார், அசல் கட்டவில்லை. நான்காம் மாத வட்டியும் 80 என்று வர வேண்டும். 70 என்று காட்டினால் அந்த சாப்ட்வேர் நமக்கு ஆகாது. தண்டம், இடையில் விலகிய உறுப்பினர், ஒருவருக்கே இரண்டு கடன் ஆகியவற்றையும் போட்டுப் பாருங்கள்.

3. ஐந்து வருடச் செலவைக் கணக்குப் போடுங்கள். முன்பெல்லாம் சாப்ட்வேரை சி.டி.யில் ஒரே விலைக்கு விற்றார்கள். இப்போது பெரும்பாலும் மாதவாடகை, வருடச் சந்தா. ஓர் உதாரணம்: ஒருவர் முதலில் 18,000 ரூபாய், அடுத்த நான்கு வருடமும் புதுப்பிக்க 4,000 வீதம் கேட்கிறார். மொத்தம் 34,000. இன்னொருவர் "முதல் செலவே கிடையாது, குழுவுக்கு மாசம் 20 ரூபாய்தான்" என்கிறார். 60 குழுவுக்கு மாதம் 1,200, வருடம் 14,400, ஐந்து வருடத்துக்கு 72,000! கேட்கும்போது சின்னதாகத் தெரிந்தது எவ்வளவு ஆகிறது பாருங்கள். பயிற்சி, பழைய கணக்கை ஏற்றுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

4. கரண்டும் நெட்டும் இல்லாத நாளில் என்ன ஆகும்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. நெட் இல்லாதபோதும் பதிய முடியுமா, நெட் வந்ததும் தானாகப் போய்ச் சேருமா என்று கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை முக்கிய அறிக்கைகளைக் காகிதத்தில் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வையுங்கள்.

5. தமிழ் யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். 2010-இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடு என்றால் எந்தப் போனிலும் படிக்கலாம்.

6. யார் எதை மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும். நோட்டில் அடித்துத் திருத்தினால் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தெரியாது. அதனால், எந்த எண்ணை யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்ற பதிவை அழிக்க முடியாதபடி சாப்ட்வேர் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் சகோதரிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் இது நல்ல பாதுகாப்பு.

7. வெளியே வரும் வழியை முதலிலேயே கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "தம்பி, நாளைக்கு நாங்க வேற சாப்ட்வேருக்குப் போனா, எங்க கணக்கு முழுசையும் எக்செல்ல எடுத்துத் தருவியளா? அதுக்குத் தனியா பைசா கேப்பியளா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. எடுத்துக் காட்டட்டும். ஒப்பந்தத்திலும் எழுதட்டும். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

8. உரிமம் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். கணக்காளராக இருக்கும் தங்கச்சியின் சொந்தப் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்வது வழக்கமாக இருக்கிறது. அவர் கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டால் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். கூட்டமைப்புக்கென்று தனி மின்னஞ்சலும் தனி சிம்கார்டும் வையுங்கள். பாஸ்வேர்டை மூடிய கவரில் போட்டுத் தலைவி, பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டு வைக்கலாம்.

வாங்கிய பிறகும் கவனம்

வருடத்துக்கு ஒருமுறை, மகாசபைக்கு முந்தின செயற்குழுக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் விசாரித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அ) கம்பெனி புதிய பதிப்பு விட்டதா? பழையதற்கு உதவியை நிறுத்தப் போகிறதா?
ஆ) சந்தா ஏறியதா?
இ) கம்பெனி வேறு யாருக்காவது கைமாறியதா? அழைத்தால் போன் எடுக்கிறார்களா?
ஈ) சட்டம், வரி, வங்கி விதி ஏதாவது மாறியதா?
உ) நம் கம்ப்யூட்டர் தாங்குமா? விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. இதுபோன்ற தேதிகளைக் குறித்து வையுங்கள்.

யாரிடம் விசாரிப்பது? விற்பவரிடம் மட்டும் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார். நம் தணிக்கையாளரிடமும், அதே சாப்ட்வேரை மூன்று வருடமாக வைத்திருக்கும் வேறு இரண்டு கூட்டமைப்புகளின் கணக்காளரிடமும் கேளுங்கள். "பழுதாகிக் கூப்பிட்டா எத்தனை நாள்ல வந்தாங்க?" என்ற ஒரு கேள்வி போதும், பாதி விவரம் வந்துவிடும்.

மாதம் ஒருமுறை கணக்கை இரண்டு பென்டிரைவில் நகல் எடுங்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறு ஊரிலுள்ள பொறுப்பாளர் வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

அரசு செயலிகள்

நபார்டு வங்கி 2015-இல் 'இ-சக்தி' என்ற திட்டத்தை ராம்கட், துலே என்ற இரண்டு மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு பல மாநிலங்களுக்கும் கொண்டு போனது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் 'லோக்ஓஎஸ்' என்ற செயலி வந்திருக்கிறது. இவற்றில் பதியச் சொன்னால் பதிய வேண்டியதுதான், அங்கே தேர்வு நம் கையில் இல்லை. ஆனால் பதியும் எண்ணும் நம் ஏட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது நம் வேலை. அங்கே பதிந்தாயிற்று என்று நம் ஏட்டை நிறுத்திவிடாதீர்கள். உறுப்பினர் பாஸ்புக்கைக் கையால் எழுதிக் கொடுப்பதும் தொடரட்டும். போன் இல்லாத பாட்டிக்கும் தன் சேமிப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா?

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் கூட்டமைப்புக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? அவர் இல்லாவிட்டால் வேறு யார் திறப்பார்?
2. இன்றைக்கே அந்த சாப்ட்வேர் நின்றுபோனால், நம் குழுவின் கடன் நிலுவையை எதைக் காட்டி நிரூபிப்போம்?
3. கம்ப்யூட்டர் காட்டும் உங்கள் சேமிப்பும் பாஸ்புக்கில் உள்ள சேமிப்பும் ஒன்றா? அடுத்த கூட்டத்தில் ஐந்து பேருடையதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் தெரியாதே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். வட்டிக் கணக்கு நமக்குத் தெரியும், சந்தையில் பேரம் பேசத் தெரியும், நாலு பேரிடம் விசாரித்து வாங்கவும் தெரியும். சாப்ட்வேர் வாங்கவும் அதே புத்திதான் வேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் கூட்டமைப்பில் பதில் இல்லையென்றால், இந்த மாதக் கூட்டத்திலேயே அதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.