அன்னாள் வீட்டில் தங்கியிருந்தாள்

வேத பகுதி: 1 சாமுவேல் 1:21–24



எங்கள் மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குள் நாங்கள் ஜெபிக்கப் போகும்போது, பிரசவத்துக்கு முன்பு எல்லாரும் கேட்பது சுகப்பிரசவம். பிள்ளை பிறந்த மூன்றாம் நாளில் விண்ணப்பம் மாறிவிடும். அதைக் கேட்பவர் பெரும்பாலும் தாயல்ல; கட்டிலின் கால்மாட்டில் நிற்கும் மாமியாரோ பெரியம்மாவோதான். "ஐயா, இவளுக்குப் பாலே ஊறல. ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

நாங்கள் ஜெபிக்கிறோம். ஆனால் ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட முடியாது. இந்தக் குறையைப்பற்றி நம் சபைகளில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று சரீரத்தைப்பற்றியது, மற்றது தேவனைப்பற்றியது. இரண்டும் குழந்தையைப் பாதிக்கின்றன.

முதலாவது சரீரத்தைப்பற்றிச் சொல்லுவோம். பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் சீம்பால் அளவில் கொஞ்சந்தான். பிறந்த நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். அதன் வயிறும் அவ்வளவே. பால் பெருகி வருவதற்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். அறுவைச் சிகிச்சையில் பிறந்திருந்தால் இன்னும் சற்றுத் தாமதிக்கலாம். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் வீட்டார் பயந்து சர்க்கரைத் தண்ணீரும், தேனும், சில ஊர்களில் கழுதைப்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உயிராபத்தையே கொண்டுவரக்கூடும் என்பதைப் பாட்டிமார் தயவாய்க் கவனிக்க வேண்டும்.

பால் சுரக்கும் விதம் நம் கிராமத்து ஊற்றைப்போன்றது. இறைக்க இறைக்க ஊறும், இறைக்காமல் விட்டால் அடைபடும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற சுரப்பு நீர் இரத்தத்தில் இறங்கி அடுத்த வேளைப் பாலை உண்டாக்குகிறது. இரவில் அது அதிகமாய்ச் சுரக்கும். ஆகையால் இராப்பாலை நிறுத்துவது பாலைக் குறைக்கும் வழி. ஆக்ஸிடோசின் என்ற மற்றொன்று உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. பயமும், வலியும், வெட்கமும் இந்த இரண்டாவதைத் தடுத்துவிடும். புட்டிப்பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது. சப்பாததால் பால் குறையும். குறைந்ததால் இன்னொரு புட்டி வரும். இல்லாத குறை இப்படித்தான் மெய்யான குறையாகிறது.

பூண்டும், பால்சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும் தாயின் உடம்புக்கு நல்ல ஆகாரம். கொடுங்கள். ஆனால் குழந்தை சப்பாத மார்பில் எந்தப் புட்டும் பாலைக் கொண்டுவராது. பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் வார்டில் அனுமதிப்பதில்லை.

இனி, சிலநாட்களுக்கு முன் வந்த ஒரு சகோதரியைப்பற்றிச் சொல்லுகிறோம். தலைப்பிள்ளை, அறுவைச் சிகிச்சை. பிறந்தபோது 2.7 கிலோ இருந்த குழந்தை பன்னிரண்டாம் நாள் 2.4 கிலோவுக்கு இறங்கி, சோர்ந்து தூங்கிக்கொண்டே வந்தது. முதல் நாட்களில் எடை சற்று இறங்குவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். இவர்கள் வீட்டில் பால்பவுடர் டின் ஒன்று வாங்கி, அது பதினைந்து நாள் வரவேண்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கியிருந்தார்கள். வறுமை செய்த வேலை அது. அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்குள் வேறொரு புண்ணும் இருந்தது. பார்க்க வந்த ஒரு விசுவாசி ஓசியா 9:14-ஐ எடுத்துக்காட்டி, பாலற்றுப்போவது சாபம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஐயா, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று அவள் எங்களிடம் கேட்டாள்.

இந்த வசனத்தை நாம் நிதானமாய் வாசிக்கவேண்டும். ஓசியா அங்கே பேசுவது எப்பிராயீம் கோத்திரத்தைக் குறித்து. விக்கிரகங்களுக்குப் பின்னே போன ஒரு தேசத்தின்மேல் வரும் நியாயத்தீர்ப்பைக் குறித்து. ஒரு தனி ஸ்திரீயின் மார்பைப் பார்த்து அவள் பாவத்தை அளக்கும் அளவுகோல் அதில் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். புலம்பல் 4-ஆம் அதிகாரத்திலோ, எருசலேமின் அழிவைச் சொல்லுகிற இடத்தில், தாகத்தால் வாடும் பால்குடிக் குழந்தைக்காகத் தீர்க்கதரிசி துக்கிக்கிறார். அங்கே எந்தத் தாயையும் நிற்கவைத்து விசாரிக்கவில்லை. இதை அவளுக்கு வாசித்து விளக்கினோம். அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "பிள்ளையக் குடுங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் அவள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் படும்படி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பகலிலும் இரவிலுமாகப் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் கொடுத்து முடித்தபின் மீதிப் பாலைக் கையால் பீச்சி எடுத்தார்கள். எடை ஏறும்வரை டாக்டர் சொன்ன அளவுக்குப் பீச்சிய பாலும், சரியாய்க் கலந்த பவுடர் பாலும் பாலாடையில் புகட்டப்பட்டது. புட்டி கிடையாது. மற்ற நேரங்களில் குழந்தை தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இந்தக் கங்காரு முறை 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமையால் தொடங்கியது. ஏழை மருத்துவமனையில் பிறந்த வைத்தியம் என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஐந்தாம் நாளிலிருந்து தராசு முள் நாளொன்றுக்கு 25 கிராம் ஏறத் தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் பவுடர் நின்றது.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. நஞ்சுக்கொடியின் சிறு துண்டு கர்ப்பப்பையில் தங்கிவிட்டால், இன்னும் கர்ப்பம் இருக்கிறதென்று சரீரம் எண்ணி, பாலைத் திறவாது. பிரசவத்தில் மிகுந்த உதிரப்போக்கு, தைராய்டு குறைவு, முன்பு மார்பில் செய்த அறுவைச் சிகிச்சை, சிலவகைக் கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் பாலைக் குறைக்கும். சில ஸ்திரீகளுக்குப் பால்சுரப்பிகளே போதிய அளவு வளர்ந்திருப்பதில்லை. சிலவேளை குறை குழந்தையின் நாக்கில் இருக்கும். இவற்றில் சிலவற்றை டாக்டர் சரிசெய்யலாம், சிலவற்றை முடியாது. முடியாதபோது குழந்தைக்கு வேறு பால் கொடுத்தே ஆகவேண்டும். அதில் வெட்கமில்லை. ரெபெக்காளுக்குத் தெபொராள் என்ற தாதி இருந்தாள். மோசேக்குப் பால்கொடுக்கும் ஸ்திரீயைத் தேடித்தரட்டுமா என்று அவன் தமக்கை கேட்டபோது, பார்வோன் குமாரத்தி அதைப் புதுமையாய் எண்ணவில்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கியும் அந்தப் பழைய உதவியின் புதிய உருவந்தான்.

இப்போது நம் வேத பகுதிக்கு வருவோம். எல்க்கானா வருஷாந்தர பலிசெலுத்தக் குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்படுகிறான். அன்னாள் போகவில்லை, பால்மறக்கும்வரை வீட்டில் இருப்பேன் என்கிறாள். அக்காலத்தில் அது இரண்டு மூன்று வருஷமாகும். எல்க்கானாவின் பதில் கவனிக்கத்தக்கது. உன் பார்வைக்கு நலமானபடி செய், இருந்து பால்கொடு என்கிற பொருளில் அவன் பேசுகிறான். தேவாலயப் பயணத்தைவிட ஒரு குழந்தையின் பசி முன்னே நிற்க அந்த பக்திமான் இடங்கொடுத்தான். இன்னொன்றும் உண்டு. பெனின்னாள் அன்னாளை மனமடிவாக்கியது அந்த வருஷாந்தரப் பயணங்களில்தான் என்று ஏழாம் வசனத்தால் அறிகிறோம். வேதம் வெளிப்படையாய்ச் சொல்லாவிட்டாலும், வீட்டில் தங்கிய அன்னாளுக்கு அந்த நாவிலிருந்தும் ஓய்வு கிடைத்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பால் குறைந்த தாய்க்கு இந்த ஓய்வுதான் கிடைப்பதில்லை. பத்தாம் நாளே தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும், "பால் இருக்கா? பத்துதா?" என்று கேட்கிறார்கள். குழந்தை அழுவதும், சாயங்காலத்தில் ஓயாமல் சப்புவதும், சில வாரங்களில் மார்பு இளகிப்போவதும் பால் இல்லாமைக்கு அடையாளமல்ல. ஐந்தாம் நாளுக்குமேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்பதே கணக்கு. ஈரத்துணிகளை எண்ண மாமியாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், எங்கள் வேலை பாதி முடிந்தது.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்த வார்டுக்கு எந்த வடிவில் வருகிறது என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். ரசீதில் காட்டத்தக்க பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சரியாய்க் காட்டும் எடைத் தராசு, பாலாடைகள், தாயோடு தங்கும் துணையாளுக்குச் சாப்பாடு, அவசரமில்லாமல் பக்கத்தில் உட்கார இராவேளைக்கு ஒரு சிஸ்டரின் சம்பளம், இவ்வளவே.

உங்கள் சபையில் பிள்ளை பெற்ற சகோதரியைப் பார்க்கப் போகும்போது பால்பவுடர் டின் வாங்கிப் போகாதிருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தைத் தடுக்கிறது, ஆனால் யாரும் நம் கைப்பையைச் சோதிப்பதில்லை. ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொண்டுபோய், கொடியில் கிடக்கும் துணிகளை மடித்துவைத்து, ஜெபித்துவிட்டுக் கால்மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள்.