வாட்டில் நித்திரை வராவிட்டால்

தன்னாமுனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கட்டும் பையில், துவாயோடு காதுக்குப் பஞ்சும் கண்ணை மறைக்க ஒரு கறுப்புத் துணியும் வையுங்கள். வாட்டில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. பக்கத்துக் கட்டில் இருமலுக்கு அது தெரியவா போகிறது? பின்னேரம் பார்க்கப் போகிறவர்கள் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே 5 மணித்தியாலமளவில் செல்லும். பகலில் நோயாளியை யன்னலோரம் இருத்துங்கள். சலம் போகும் குளிசை இரவில் கொடுபட்டால், நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நோவென்றால் தாதியிடம் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

வீட்டு அலுமாரியிலிருக்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையை நித்திரைக்கென்று ஒளித்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. வயதானவர்களுக்கு அது அறிவைக் குழப்பும். இரவில் ஆள் தெரியாமல் பேசத் தொடங்கினால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.