அன்னாளின் கண்ணீரும் தாய்மாரின் மனநலமும்

வேதபாடம்: 1 சாமுவேல் 1:1-20



நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டிலாகவும் எக்ஸ்ரே இயந்திரமாகவும் மாறும்போது அதைக் கண்ணால் காணலாம். ஆனால் மனநலப் பயிற்சிக்குச் செலவிடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. "உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு, தாய்மாரின் மனநலத்தில் இன்னும் ஓரிரு ஆண்டுப் பயிற்சி எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்பது நியாயமே. அந்தக் கேள்வியை அன்னாளின் சரித்திரத்தோடு சேர்த்துச் சிந்திப்போம்.

1. அன்னாளைத் தேற்ற வந்தவர்கள்

பிள்ளையில்லாத அன்னாளைப் பெனின்னாள் வருஷந்தோறும் நோகடித்தாள். கணவன் எல்க்கானாவோ அவளை நேசித்தான். பத்துப் பிள்ளைகளைவிடத் தானே அவளுக்கு மேல் என்று சொல்லித் தேற்றப் பார்த்தான். அவனிடம் அன்பு இருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு அவள் துக்கத்தைத் தொடவில்லை.

அடுத்தவர் ஏலி. வயது முதிர்ந்த ஆசாரியர், ஆயிரம் பேரைப் பார்த்தவர். அன்னாளின் உதடுகள் அசைவதைக் கண்டார், சத்தத்தைக் கேட்கவில்லை. உடனே அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். அனுபவம் உள்ளவரும் தவறாக எடைபோடலாம் என்பதை வேதம் மறைக்கவில்லை. ஆனால் அவள் பதில் சொன்னபோது ஏலி குறுக்கிடாமல் கேட்டார், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், சமாதானம் சொல்லி அனுப்பினார்.

18-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கியது. அப்போது சாமுவேல் பிறக்கவில்லை, கருவிலும் இல்லை. தன் துக்கத்தைத் தேவசமுகத்தில் ஊற்றியதும், ஒரு மனிதர் அதைக் கேட்டதும் அவளுக்குப் பெலன் தந்தன.

2. வெளித்தோற்றம் சொல்லாதவை

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றிக் கண்கலங்குவது பல தாய்மாருக்கு உண்டு. அது இரண்டு வாரத்துக்குள் தானே நீங்கிவிடும். அதையும் தாண்டித் துக்கம், உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, "நான் நல்ல தாயல்ல" என்ற குற்றவுணர்வு ஆகியவை நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத குரல்கள் கேட்கும். நம் ஊர்களில் இதை ஜன்னி என்றோ பேய்க்கோளாறு என்றோ சொல்லிவிடுகிறார்கள். இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய அவசர நோய்.

மிகுந்த ரத்தப்போக்கு, அவசர ஆபரேஷன், குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றைக் கடந்து வந்த தாய்க்கு உடற்புண் ஆறினாலும் மனப்புண் ஆறாதிருக்கலாம். அந்த நேரத்துக் காட்சி கனவில் திரும்பத் திரும்ப வரும். ஆஸ்பத்திரி வாசனையே நடுக்கம் தரும். குழந்தைக்குத் தடுப்பூசி போடக்கூட வரமாட்டாள். பார்ப்பவர்கள் அவளை "அலட்சியக்காரி" என்பார்கள். ஏலி அன்னாளைக் குடிகாரி என்று நினைத்ததும் இப்படித்தான்.

3. பயிற்சி எதைக் கற்றுத் தருகிறது?

முதலாவது, கேட்கும் முறை. 1987-இல் எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் வெளியாயின. கடந்த 7 நாட்களில் தாயின் மனநிலை எப்படியிருந்தது என்று அவை விசாரிக்கின்றன. பத்தாவது கேள்வி தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. இதன் தமிழ் வடிவமும் உண்டு. கேள்வித்தாளை எவரும் நீட்டலாம். பத்தாவது கேள்விக்கு ஒரு தாய் "ஆம்" என்றால் அடுத்து என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி தேவை.

இரண்டாவது, பகுத்தறிதல். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். ஆகவே மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரோடு சேர்ந்து வேலைசெய்யப் பழக வேண்டும்.

மூன்றாவது, அவசரப்படாமை. நடந்த பயங்கரத்தைச் சொல்லச் சொல்லி ஒரு தாயை வற்புறுத்தினால் புண் மேலும் ஆழமாகும். எப்போது பேசவிடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் புத்தகம் மட்டும் கற்றுத்தராது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் தாய்மாரைச் சந்தித்துப் பழகினால்தான் அது கைவரும். பட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகள் இதற்காகவே.

4. அருகிலிருந்து வரும் சாட்சிகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. அங்கே 100 தாய்மாரில் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை காரணங்களில் சில.

பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-இல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு தொடங்கியது. மனநோய்க்குச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் கூறுகிறது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுள்ள தாய்மாரை வீடுதேடிச் சென்று பேசினார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: 6 மாதத்தில் அந்தத் தாய்மாரில் 100-க்கு 23 பேரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது, இந்தப் பயிற்சியில்லாத பணியாளர்கள் சந்தித்த தாய்மாரிலோ 53 பேரிடம் இருந்தது. அந்தப் பணியாளர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர். படித்தவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் ஆழமாகக் கற்றால் அவர் வழியாகப் பலர் கற்பார்கள் என்பதே உங்கள் கேள்விக்கு எங்கள் பதில்.

5. சபையார் செய்யக்கூடியவை

குழந்தையை இழந்த தாயிடம் "அடுத்த பிள்ளையைக் கர்த்தர் தருவார்" என்று சொல்லத் தோன்றும். அழுகிற தாயிடம் "பிள்ளை நன்றாயிருக்கிறதே, ஸ்தோத்திரம் சொல்" என்போம். இவை நல்ல எண்ணத்தில் பிறந்த வார்த்தைகளே. எல்க்கானாவின் வார்த்தையும் அப்படிப்பட்டதுதான். ஆனால் இவை தாயின் வாயை அடைத்துவிடும். "ராத்திரி தூங்கினாயா? சாப்பிட்டாயா? மனசு எப்படியிருக்கிறது?" என்று கேட்டு, பதில் வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள். ஜெபம் அதற்குப் பின் வரட்டும். சாகத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பெண்கள் ஐக்கியத்தில் கலந்துபேச:

1. எல்க்கானாவின் ஆறுதலுக்கும் ஏலியின் ஆறுதலுக்கும் என்ன வேறுபாடு?
2. பெண்குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும்போது நாம் என்ன பேசுகிறோம்?
3. நம் சபையில் கடந்த 6 மாதத்தில் பிரசவமான தாய்மார் யார் யார்? அவர்களுடைய மனதை விசாரித்தவர் யார்?