கிணறு கெட்டதற்கு மண் பொறுப்பா, குப்பை பொறுப்பா?

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில், நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குக் கிழக்கே சுமார் 300 மீட்டரில் எங்கள் வயல் இருக்கிறது. இரண்டு வருடமாக மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் மஞ்சளடித்து நாறுகிறது. மாடுகூட வாய் வைப்பதில்லை. நகராட்சியில் கேட்டால், “இது சுண்ணாம்புப் பூமி, தண்ணீர் அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். நாங்கள் வழக்குப் போட முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத விவசாயி

பதில்: முடியும். ஆனால் நகராட்சி சொல்வதில் பாதி உண்மை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலிருந்துதான் தொடங்குவார். அரியலூரின் பெரும்பகுதி பழைய கடலடிப் படிவம். சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்த அதே சுண்ணாம்புக்கல்தான் கிணற்று நீரையும் கடினமாக்குகிறது. உப்புகூட இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எனவே டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு) அதிகம் என்று ஒரே ஒரு பரிசோதனைச் சீட்டை நீட்டினால் வழக்கு நிற்காது. சுண்ணாம்புக்கல் அம்மோனியாவைத் தராது, சி.ஓ.டி.யையும் (வேதி ஆக்சிஜன் தேவை) ஏற்றாது. ஆய்வகத்தில் அந்த இரண்டையும், நைட்ரேட், ஈயம், குரோமியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் மட்டும் கூடியிருந்தால் “நீங்கள் போட்ட யூரியா” என்பார்கள்.

அதைவிட முக்கியம், தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பது. கிடங்கைச் சுற்றிக் குறைந்தது மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில், மோட்டாரை நிறுத்தி நீர் ஊறி நிலைத்த பிறகு, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர்வரை உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். விளிம்புகளின் உயரத்தை லெவல் கருவி வைத்து ஒரு சர்வேயர் எடுத்துத் தருவார். உயரத்தில் ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும். மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குத்தான் நிலத்தடி நீர் போகும். தரைச் சரிவை மட்டும் நம்பாதீர்கள். அருகில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நீரை இறைத்தால் ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். கிடங்குக்கு மேலே உள்ள கிணறு நன்றாக இருந்து, கீழே உள்ள உங்கள் கிணறு மட்டும் கெட்டிருந்தால் “சுண்ணாம்புப் பூமி” வாதம் அத்தோடு சரி. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை என மாதிரி எடுங்கள். ஆய்வகம் அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும்.

உண்மையில் இந்த வேலையெல்லாம் உங்களுடையது அல்ல. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, குப்பை நிரப்பிடம் தொடங்கும் முன்பே அப்பகுதி நிலத்தடி நீரின் அடிப்படைத் தரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்தைய காலம் என மூன்று பருவங்களிலும் சோதிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. உங்கள் குறை பழைய விதிகளின் காலத்தில் தொடங்கியது என்பதால் மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள். அந்தச் சோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “அப்படி எதுவும் இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. “இது முறையான நிரப்பிடமே இல்லை, வெறும் கிடங்கு” என்றும் சிலர் சொல்வார்கள். அடியில் தடுப்புப் படலம் போடவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அதற்குப் பொருள். 1974 நீர்ச் சட்டம் கிணற்றை மாசுபடுத்துவதையும் தடைசெய்கிறது. நிலத்தடி நீரும் அதன் வரம்புக்குள் வருகிறது.

போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பலர் கால வரம்பில்தான் கோட்டை விடுகிறார்கள். 2010 தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில், பிரச்சினை முதலில் எழுந்து 6 மாதத்துக்குள் வர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். இரண்டு வருடம் கழிந்த உங்களுக்கு அந்த வழி சிக்கல். இழப்பீடும் சுற்றுச்சூழல் சீரமைப்பும் கேட்கும் 15-வது பிரிவில் 5 ஆண்டு அவகாசம் உண்டு. மனுவை அதன் கீழ் அமையுங்கள். இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம், கேட்கும் தொகையில் 1 சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது.

தீர்ப்புகளில் நமக்கு நெருக்கமானது 1996 வேலூர் வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவால் திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பே என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. நகராட்சி “நிதி இல்லை” என்று கையை விரித்தால், 1980 ரத்லம் நகராட்சி வழக்கைக் காட்டுங்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை தண்ணீருக்கு என்ன செய்வது? மாற்றுக் குடிநீர் கேட்டு ஆட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஆழமாகப் போர் போட்டு இறைக்காதீர்கள். அது கசிவை உங்கள் பக்கமே இழுக்கலாம். “அவர் இறைத்ததால்தான் வந்தது” என்று எதிர்த்தரப்பு வாதிடவும் வழி திறக்கும்.