விற்றவர் கொடுப்பதா? வாங்கியவர் கொடுப்பதா?

(பத்தாம் வகுப்பு மாணவி, கட்டுமாவடி)

முன்னுரை

ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகும்போது நடுவில் ஒரு சிறு செலவு உண்டாகிறது. அதைத் தரகு என்கிறோம், கமிஷன் என்கிறோம், கட்டணம் என்கிறோம், வண்டிக் கூலி என்கிறோம். பெயர் பலவானாலும் கேள்வி ஒன்றே. அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் விற்றவரா, வாங்கியவரா?

முன்பெல்லாம் இக்கேள்வி சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் உரியதாக இருந்தது. இப்போது வீட்டில் உள்ள பழைய மிதிவண்டியையும் மேசையையும் கைப்பேசியில் படம் போட்டே விற்று விடுகிறார்கள். விற்பவரும் வியாபாரி அல்லர். வாங்குபவரும் வியாபாரி அல்லர். ஆகையால் அவர்களுக்குள் வழக்கம் என்று ஒன்றும் இல்லை. சென்ற விடுமுறையில் நான் விடுதியிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் சின்னம்மா வீட்டில் நடந்த ஒரு விற்பனை என்னை இதைப் பற்றிச் சிந்திக்க வைத்தது.

தையல் மிஷின் போன கதை

சின்னம்மாவிடம் கால் மிதித்துத் தைக்கும் மிஷின் ஒன்று இருந்தது. அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, நர்சிங் படிக்கிறாள். அவளுடைய கட்டணத்துக்குச் சரியாக 4,500 ரூபாய் குறைந்தது. மிஷினைப் படம் எடுத்துக் கைப்பேசியில் போட்டார்கள். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா 4,500 ரூபாய்க்கே கேட்டார். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

லோடு ஆட்டோ வந்து நின்றது. மிஷினை ஏற்றியாயிற்று. அப்போதுதான் "வண்டிக் கூலி 450 ரூபாய் யார் தருகிறீர்கள்?" என்று ஓட்டுநர் கேட்டார். "விற்கிறவர்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்" என்றார் வாங்க வந்த அம்மா. "விலை என்றால் கைக்கு வருகிற விலைதானே?" என்றார் சின்னம்மா. அத்துடன் முடியவில்லை. அந்த அம்மா பணத்தைக் கைப்பேசி வழியாகத்தான் அனுப்புவேன் என்றார். சின்னம்மாவின் கைப்பேசியில் அந்த வசதி இல்லை. ஆகவே பணம் பேருந்து நிறுத்தத்துக் கடை ஒன்றின் கணக்குக்குப் போயிற்று. கடைக்காரர் ஆயிரத்துக்கு 10 ரூபாய் என்று கணக்குப் பார்த்து, சில்லறை இல்லை என்று 50 ரூபாயாக எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

கட்டணம் கட்டக் கடைசி நாள் மறுநாள். மிஷினை இறக்கச் சொல்லச் சின்னம்மாவுக்கு மனம் வரவில்லை. வண்டிக் கூலியையும் அவரே கொடுத்தார். 4,500 ரூபாய்க்கு விற்ற மிஷினுக்குக் கையில் நின்றது 4,000 ரூபாய். மீதி 500 ரூபாயை என் அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு சின்னம்மா சாப்பிடவில்லை.

அந்த அம்மாவை நான் குறை கூறவில்லை. அவரும் தைத்துப் பிழைக்கத்தான் மிஷின் வாங்கினார். அவரிடம் இருந்ததும் எண்ணி வைத்த பணம்தான். பின் தவறு எங்கே நேர்ந்தது?

சுமப்பவர் யார்?

விடுதிக்குத் திரும்பியதும் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். "கட்டணத்தை எடுத்து நீட்டுகிறவர் வேறு, அதைச் சுமக்கிறவர் வேறாக இருக்கலாம். முதலில் அதைப் புரிந்துகொள்" என்றார்.

மிஷினுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 4,500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று வாங்குபவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 500 ரூபாய். "விற்பவரே கொடுக்க வேண்டும்" என்பது விதியானால், அவர் 4,500 ரூபாய் வாங்கி 500 ரூபாயைக் கொடுத்துவிடுவார். மீதி 4,000. "வாங்குபவரே கொடுக்க வேண்டும்" என்பது விதியானால், வாங்குபவர் "அப்படியானால் 4,000 ரூபாய்க்குத் தாருங்கள்" என்று பேரம் பேசுவார். அப்போதும் விற்பவருக்கு 4,000 தான்! விதி மாறியும் சுமை மாறவில்லை.

இதையே திருப்பிப் பார்ப்போம். அந்த மிஷினுக்கு நான்கு பேர் போட்டி போடுகிறார்கள். சின்னம்மாவுக்கும் பண அவசரம் இல்லை. அப்போது அவர் "5,000 ரூபாய், செலவு என்னுடையது" என்று சொல்லலாம். 500 ரூபாயை எடுத்து நீட்டுவது சின்னம்மா. ஆனால் சுமப்பது வாங்குகிறவர்.

ஆகவே, காத்திருக்க முடியாதவர் எவரோ அவர் தலையில்தான் கட்டணம் போய் விழுகிறது. பொருளாதார நூல்கள் இதை நெகிழ்ச்சி என்னும் சொல்லால் விளக்குகின்றன. விலகிப் போக வழி உள்ளவருக்குச் சுமை குறைவு. வழி இல்லாதவருக்குச் சுமை அதிகம்.

எங்கள் ஊர் ஏலம் சொல்லும் பாடம்

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் மீன் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. கட்டுமாவடி பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். நண்டு, இறால், கணவாய் என்று கடலில் கிடைப்பது கரைக்கு வந்ததும் ஏலத்துக்குப் போகிறது. ஏலம் விடுபவர் விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். எடுத்துக்காட்டாக, 2,000 ரூபாய் நண்டுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் தரகு என்றால் 100 ரூபாய் போய் 1,900 ரூபாய் கைக்கு வரும்.

அந்தத் தரகை வாங்குகிற வியாபாரியிடம் கேட்கலாமே என்று சிறு வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "வியாபாரி நாளைக்கு வாங்குவான். நம் மீன் நாளைக்கு நாறும்" என்றார் அப்பா. இவ்வளவு படித்த பிறகுதான் அந்தப் பதிலில் ஒரு பாடமே அடங்கியிருப்பது எனக்கு விளங்குகிறது.

தரகர் சும்மா வாங்குகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. வியாபாரி பல நாள் கழித்துப் பணம் தந்தாலும் தரகர் அன்றே மீனவருக்குக் கொடுப்பதுண்டு. வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் தருவதும் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கியவர் வேறிடத்தில் விற்க முடியாது. விலகிப் போகும் வழி அடைபட்டவுடன் தரகு முழுவதும் அவர் தலையில் ஏறுகிறது.

சட்டம் செய்த உதவி

விவசாயிகளுக்கும் இதே துன்பம் இருந்தது. 1933ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். பின்னர் 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்கும் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் வாங்கும் வணிகரிடமிருந்து பெறப்படுகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே விவசாயி நேராகவே மக்களுக்கு விற்கிறார். தரகும் இல்லை, கடை வாடகையும் இல்லை.

கட்டணம் வணிகரிடம் வாங்கினாலும் அவர் விலையைக் குறைத்துக் கேட்கலாமே என்று நீங்கள் வினவலாம். கேட்கலாம்தான். ஆனால் அங்கே பல வணிகர் ஒரே இடத்தில் விலை கூறுகிறார்கள்; எடை சரியாகப் போடப்படுகிறது; விலை வெளிப்படையாகத் தெரிகிறது. விவசாயிக்கு விலகிப் போக வழி கிடைக்கிறது. விதியைக் காட்டிலும் அவ்வழியே பெரிய உதவி.

வெளிநாடுகளில்

வீட்டுப் பொருளைக் கைப்பேசி வழியாக விற்பது வெளிநாடுகளிலும் பெருகியிருக்கிறது. அங்கும் இதே கேள்விதான். பிரிட்டனில் ஈபே நிறுவனம் 2024 அக்டோபரில் தனி நபர் விற்பனையாளரிடம் வாங்கிவந்த விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை வாங்கத் தொடங்கியது. ஜப்பானைச் சேர்ந்த மெர்காரி நிறுவனம் அமெரிக்காவில் 2024 மார்ச்சில் விற்பவர் கட்டணத்தை எடுத்துவிட்டு வாங்குபவர் பக்கம் மாற்றியது. 2025 ஜனவரியில் மறுபடியும் விற்பவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களே இப்படி அங்குமிங்கும் மாற்றிப் பார்க்கும்போது, சின்னம்மாவும் அந்த அம்மாவும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாதாடியதில் வியப்பில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பேபால் என்னும் பணம் அனுப்பும் முறையில் பொருள் வாங்கும்போது விற்றவரிடம் கட்டணம் பிடிப்பார்கள். அதைத் தவிர்க்கச் சிலர் "நண்பருக்கு அனுப்புவதாகப் போட்டு அனுப்பு" என்பார்கள். அப்படி அனுப்பினால் பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் பாதுகாப்புக் கிடைக்காது. கட்டணம் என்பது பல நேரங்களில் ஒரு காவலுக்குரிய கூலி. காவல் யாருக்கோ, கூலியும் அவருக்கு உரியது என்பது நியாயமாகப் படுகிறது.

இலவசம் என்பது யார் செலவு?

நம் நாட்டில் யு.பி.ஐ. முறை 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறும் கடைக்காரரிடம் வங்கிகள் கழிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு விதித்தது. மணியார்டரில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன் கொடுத்து அனுப்பிய நம் பாட்டிமாருக்கு இது பெரும் அதிசயமே.

ஆனால் கணினிக்கும் மின்சாரத்துக்கும் ஊழியருக்கும் செலவு இல்லாமல் போய்விடுமா? சிறு கடைகளில் நடக்கும் சிறு தொகைப் பரிமாற்றங்களுக்காக வங்கிகளுக்கு ஊக்கத் தொகை தர 2024-25ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஏற்றது. அது நாம் கட்டும் வரியிலிருந்து வருவது. இலவசம் என்றால் செலவு இல்லை என்று பொருளல்ல. செலவை நாம் எல்லோரும் பகிர்ந்துகொண்டோம் என்றே பொருள். மேலும், கைப்பேசியில் அந்த வசதி இல்லாத சின்னம்மா போன்றவர்களுக்கு இலவசம் கடை வாசல் வரைதான் வருகிறது. அங்கே 50 ரூபாய் கழிகிறது. வசதி குறைந்தவருக்கே கட்டணம் கூடுகிறது என்பது வருந்தத் தக்கது அன்றோ?

நாம் செய்யத் தக்கவை

1. செலவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பத்திரிகை விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் "தபால் செலவு தனி" என்று போட்டிருப்பார்கள். அந்த மூன்று சொற்கள் எத்தனை சண்டைகளைத் தடுத்திருக்கும்!

2. எந்தச் சேவை யாருக்காகவோ, அதன் செலவு அவருடையது. பொருளைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பவர் கூலி தரலாம். ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவர் அதற்கான கமிஷனைத் தரலாம். இருவருக்கும் பயன் என்றால் ஆளுக்குப் பாதி.

3. பொருளை வண்டியில் ஏற்றிய பிறகு புதுச் செலவைச் சொல்லக் கூடாது. அப்போது மற்றவருக்கு விலகிப் போக வழி இல்லை.

4. நம் கைப்பேசிக்குப் பணம் வருவதற்கு நாம் இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்பவர் பணம் தர வந்தவர் அல்லர், எடுக்க வந்தவர். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது விதிப்படி பார்த்தால் வண்டிக் கூலி 450 ரூபாய் அந்த அம்மாவுடையது; கடைக் கமிஷன் 50 ரூபாய் சின்னம்மாவுடையது. இதைச் சொன்னபோது சின்னம்மா சிரித்தார். "அப்போதே தெரிந்திருந்தால் அந்த ஐம்பதை நான் மனம் நோகாமல் கொடுத்திருப்பேனே" என்றார்.

முடிவுரை

அடுத்த விடுமுறையில் சின்னம்மா ஒரு மேசையை விற்க விரும்பினார். இம்முறை விளம்பரத்தை நான் எழுதினேன். "கைக்கு வரவேண்டிய விலை 1,200 ரூபாய். வண்டிக் கூலி வாங்குபவருடையது. ரொக்கம் எடுக்கும் கமிஷன் எங்களுடையது" என்று எழுதினேன். ஒருவர் வந்தார். வண்டிக் கூலியைக் கணக்குப் பார்த்து 100 ரூபாய் குறைத்துக் கேட்டார். சிஸ்டர் போட்ட கணக்கு என் கண் முன்னே நடந்தது! சின்னம்மா சற்று யோசித்து 1,150 ரூபாய்க்குச் சம்மதித்தார். முன்பும் செலவு இருந்தது, இப்போதும் இருந்தது. ஆனால் இம்முறை அவர் தாமாக எண்ணிப் பார்த்துச் சம்மதித்தார். வாங்கியவர் போகும்போது தண்ணீர் கேட்டுக் குடித்து, "வருகிறேன் அக்கா" என்று சொல்லிப் போனார்.

வாணிகம் செய்பவர் பிறர் பொருளையும் தம் பொருள் போலக் காக்க வேண்டும் என்று வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் கூறுகிறார். ஒரு பழைய மேசையை விற்கும் ஒரு மணி நேரம் நாமும் வணிகரே. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. அளப்பது மட்டும் போதாது தோழியரே. அளந்ததை மற்றவருக்கும் முன்கூட்டியே காட்டுவோம். அப்போது விற்றவர் கொடுத்தாலும் வாங்கியவர் கொடுத்தாலும் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டு உறங்குவர்.