இரட்டித்த சுவடி

ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும் பழச்சாற்றை மதுவாக மாற்றுவதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் தொழில்களாம். ஓர் உயிரணுவே உடலாகக் கொண்ட இச்சிற்றுயிரில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் உள்ளன. அவை 16 குரோமோசோம்களில் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசை முழுவதையும் பல நாட்டு அறிஞர்கள் கூடி 1996ஆம் ஆண்டில் படித்து முடித்தனர்.

அதில் ஒரு புதுமை காணப்பட்டது. ஒரு குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சிலவற்றை ஒத்தவை, வேறொரு குரோமோசோமிலும் அதே முறையில் நின்றன. இதன் காரணம் யாது? ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஈஸ்டின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது என்பதே காரணம். இதனை 1997இல் டப்ளின் நகர ஆய்வாளராகிய கென்னத் உல்ஃப், டெனிஸ் ஷீல்ட்ஸ் என்னும் இருவர் எடுத்துரைத்தனர்.

ஏட்டுச்சுவடி ஒன்றற்கு இரு படிகள் இருந்தன என்று கொள்வோம். இரண்டினின்றும் ஏடுகள் பல உதிர்ந்தன. எஞ்சியவை இடம் மாறிக் கோக்கப்பட்டன. ஒரு படியில் இல்லாத ஏடு மற்றொன்றில் இருந்தமையால் நூல் குறைவுபடவில்லை. ஈஸ்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. குரோமோசோம்கள் அறுந்து, ஒன்றன் துண்டு மற்றொன்றனோடு இணைந்தது. இரட்டைகளுள் பெரும்பாலானவற்றில் ஒன்று மறைந்தது. ஏறத்தாழ 500 இணைகளே எஞ்சின.

இவ்விரட்டிப்பு நிகழுமுன்னரே கிளைத்துப் பிரிந்த வேறோர் ஈஸ்ட் இனத்தின் மரபணு வரிசை 2004இல் வெளியாயிற்று. அதன் குரோமோசோம்கள் எட்டே. அவற்றின் பகுதிகள் ஒவ்வொன்றற்கும் நேராக, ரொட்டி ஈஸ்டில் இவ்விரண்டு பகுதிகள் விளங்கின. ஐயம் நீங்கியது.

எஞ்சிய இணைகளால் விளைந்த பயன் யாது? பாலில் வாழும் ஈஸ்ட் இனம் ஒன்றில், காலக்டோஸ் என்னும் சர்க்கரை வந்துள்ளதை உணர்வதும் அதனை உணவாக்குவதும் ஒரே மரபணுவின் பணிகள். ஒரு பணியைச் செம்மை செய்யும் மாற்றம் மற்றதற்கு ஊறு விளைக்கக்கூடும். ரொட்டி ஈஸ்டிலோ அம்மரபணு இரண்டாயிற்று. ஒன்று உணர்த்துகின்றது, மற்றொன்று உணவாக்குகின்றது. தத்தம் பணியில் இரண்டும் தேர்ச்சி பெற்றன.

இன்றியமையாத மரபணு சிதையின் உயிர்க்கே கேடு. அதற்குத் துணைப்படி ஒன்று வாய்ப்பின், ஒன்று பழம்பணியைக் காக்க, மற்றொன்று புதுப்பணி பழகலாம். இவ்வுண்மையைச் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் 1970இலேயே வலியுறுத்தினார். பழமையைக் காத்துப் புதுமைக்கு வழிவிடும் இயற்கையின் திறத்தைக் கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்டும் நமக்குக் காட்டுகின்றது.